அஞ்சு ரூபா நோட்டு டிராக்டர்

கண்டக்டர் வீட்டம்மா ஏறிடுச்சு, இனி வண்டிய எடுத்துடுவாங்கன்னு சொன்னது பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாங்க. நான் சொல்லலை. எனக்கும் அது காதுல வுழுந்ததோட சரி. படியில ஒரு கால் வெச்சிருக்கேன், பின்னாடி அந்தம்மா யார்கிட்டயோ சொல்லுது. யாரோ கண்டக்டர் சம்சாரம் வந்திருக்காங்க போலன்னு நானே சீட்டு சீட்டா திரும்பிப் பாத்தேன். எனக்கு வெளங்கறதுக்குள்ள வண்டி ஊரையே தாண்டிடுச்சு.

உக்காருங்கம்மா. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். தோ, இந்தச் சேர்ல. வயசுல பெரியவங்களை இங்க அத்தைன்னுதான் கூப்பிடறது. ஆனா இப்ப இருக்கற நெலமையில நான் உங்களை அத்தைன்னா, அதுக்கும் ஒரு பூக்காரம்மா கெளம்புவாங்க. அம்மான்னே கூப்பிடறேன்.

வீட்ல யாரும் இல்லைங்க, எல்லாரும் கொல்லைக்குப் போய் மல்லாட்டைச் செடி புடுங்கி கடலை ஆயறாங்க. நான் இன்னிக்கு வேலைக்கு லீவு. தெரு முனையில ஒரு ஜீப் எதிர்க்க வந்திருக்குமே, பாத்தீங்களா? அது யாருன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல மோர் குடிங்க. வேணாமா? சரி, பக்கத்துல வெக்கறேன். கோவம் கொஞ்சம் கம்மியானா எடுத்துக்கங்க. டம்ளர்ல என்ன பாக்கறீங்க? சின்னசாமின்னு வெட்டியிருக்கா? அது பக்கத்து வீட்டு டம்ளர்ங்க. பேரு வெட்டாம இருந்திருந்தா எங்கம்மா எப்பவோ நம்மளுதாக்கியிருக்கும்.

ஐயோ, நக்கல் இல்லம்மா. எனக்கு பயம் வந்தா பேச்சு வந்துடும். மத்தபடி வராது. திருவண்ணாமலையில மூணு வருஷம் பி.எஸ்ஸி. படிச்சேன், கடைசி நாள் எங்க பாட்டனி மேடம் என்னைப் பாத்து, நீ யாரைப் பாக்க வந்தம்மான்னு கேட்டாங்க. எல்லாப் பொண்ணுங்களும் பெஞ்சுல காம்பஸால பேரைக் கீறி வெச்சிருக்கும். நான் அதுகூட செஞ்சதில்ல. ரேணுகாம்பாள்னு பெஞ்சுல கீறி, அதை எவனாச்சும் படிச்சுட்டா என்ன பண்றதுன்னு பயம். அப்படிப்பட்டவ நான். இப்ப பாருங்க, கொழாய் ஒடைஞ்ச மாதிரி கொட்டறேன்.

தெரியும்மா. உங்க புள்ளைய முந்தாநாள்லேர்ந்து டூட்டிக்குச் சேக்கலை. நாளைக்குக் காலையில ஓனர் கோதண்டராமன் கூப்பிட்டு வெச்சுக் கேக்கப் போறாரு. புதுசா பாடி கட்டின வண்டியில தகரத்தைக் கீறினது யாரு, அதனால சீட்டு எரிஞ்சுதே, அதுக்கு யாரு பொறுப்புன்னு. கீறின ஆளு யாருன்னு தெரியலைன்னா கண்டக்டரு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒரு ஓனரு தள்ளிவுட்ட கண்டக்டரை இந்த ரூட்ல இன்னொரு ஓனரு சேக்க மாட்டாங்க. உங்களுக்கும் அவரை வுட்டா வேற ஆள் இல்ல. எல்லாம் தெரிஞ்சுதாங்க பேசறேன். என்னாலதான் வந்துச்சுன்னு நீங்க கத்தினீங்களே, அதுல பாதி நெசம். அந்தப் பாதியைச் சொல்லிடறேன், பொறுங்க.

மொதல்ல, எங்களுக்குள்ள ஒண்ணும் கெடையாது. நோட்டு மட்டும்தான்.

ரூபா நோட்டுங்க. நான் ஒரு அஞ்சு ரூபா குடுப்பேன், அவரு ஒரு அஞ்சு ரூபா குடுப்பாரு. சிரிக்காதீங்க. சிரிக்கலையா? அப்ப சரி. இந்த பிஸ்கெட் டப்பாவைப் பாருங்க, இதான் என் சொத்து. தொடறதுன்னா மட்டும் கைய இந்தத் துண்டுல தொடச்சுக்கங்க. இது லென்ஸு. இப்படிக் கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாருங்க. நோட்டைத் தூக்குங்க, தலையக் குனியாதீங்க. தெரியுதா? கோடு கோடா? நம்ம கண்ணுக்கு மலைன்னு தெரியறது பூரா அங்க வெறும் கோடு.

காலேஜ் லைப்ரரில முன்னாடி பின்னாடி கிழிஞ்ச ஒரு புஸ்தகம் கெடைச்சுது. அதுல போட்டிருந்தான், நோட்டுல வர்ற படத்தை யாரோ ஒருத்தர் ஒக்காந்து எஃகுத் தகட்டுல கையால செதுக்குவாங்களாம். ஊசி மாதிரி ஒரு உளி. மாசக்கணக்கா வேலை. அதுவும் நேரா செதுக்கக் கூடாது, இடம் வலம் மாத்திச் செதுக்கணும். ரப்பர் ஸ்டாம்பு மாதிரிங்க, அச்சு வுழறப்ப திரும்பிக்கும்ல. இவ்வளவும் செஞ்சுட்டு, தன் பேரை மட்டும் போடக் கூடாது. ஊரே பாக்கெட்ல வெச்சுச் சுத்துது, செஞ்சவரு யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாம ஒரு சொம்பு வாங்கினா அதே கடையில ஒக்காந்து பேரு வெட்டிக்கிட்டு வர்றோம். தோ, சின்னசாமி அண்ணன் டம்ளருக்குக்கூட பேரு இருக்கு.

அன்னிலேர்ந்து நான் நோட்டை எண்ணறதை வுட்டுட்டேன், பாக்க ஆரம்பிச்சுட்டேன். வேலை செய்யறது ஜெராக்ஸ் கடையிலங்க, தேரடி வீதியில. யாராச்சும் ஜெராக்ஸுக்குக் காசு குடுத்தா, நான் லென்ஸை எடுத்து நோட்டைப் பாப்பேன். கள்ள நோட்டான்னு பாக்கறேன்னு நெனச்சு எத்தனை பேரு சண்டை போட்டிருக்காங்க தெரியுமா? செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கத்துலேர்ந்து ஒரு வெள்ளைக்காரம்மா பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க. அவங்க ஊரு நோட்டு ஒண்ணு இருந்தா காட்டுங்கன்னு இங்கிலீஷ்ல கேக்க நாலு நாளா மனசுக்குள்ள ஒத்திகை பாத்தேன். கடைசில கேட்டேன். அவங்க ஒரு நோட்டு குடுத்தாங்க. நான் லென்ஸ்ல பாத்துட்டு, மூக்கு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னேன். நோட்டுல இருக்கற ராணி மூக்கைத்தான். அந்தம்மா தன் மூக்கைத் தொட்டுப் பாத்துட்டு ஒரே சந்தோஷமாப் போனாங்க. அவங்களுக்கு நாலு பக்கத்துக்கு நான் காசே வாங்கலை.

ஆனா எனக்குப் புடிச்சது இதாங்க. பாருங்க, அஞ்சு ரூபா நோட்டு, பின்பக்கம். டிராக்டர். ஒருத்தரு ஓட்டறாரு, பின்னால சூரியன். நம்மூரு மாதிரியே இல்ல? இதைச் செஞ்சவரு மல்லாட்டைக் கொல்லையில நின்னு பாத்திருப்பாருன்னு எனக்கு ஒரு எண்ணம். நெசமான்னு தெரியாது, எனக்கா தோணறதுதான். அவரு யாரு, எந்த ஊருன்னு கண்டுபுடிக்கணும்னு ஒரே வெறி.

ரெண்டு எடத்துக்குக் கடுதாசி போட்டேன், பதில் இல்ல. அப்புறம் ஒரு பேங்க்ல போய்க் கேட்டேன். எந்த பேங்க்னு வேணாம், பாவம். கேஷியர் கிட்ட நோட்டை நீட்டி, சார், இதைச் செஞ்சது யாருன்னு தெரியுமான்னு கேட்டேன்.

நீங்களே இப்படி முழிக்கறீங்க, அவரு எப்படி முழிச்சிருப்பாரு! பேங்க்ல போய் நோட்டை நீட்டி, செஞ்சது யாருன்னு கேட்டா? அவரு அப்படியே எழுந்து உள்ள போனாரு. மேனேஜர் வந்தாரு. துப்பாக்கி வெச்சிருக்கற வாட்ச்மேன் கதவைச் சாத்தினாரு. இத்தனை நாளா ஸ்டூல்லயே தூங்கிட்டிருந்த மனுஷன், அன்னிக்குத்தான் அந்தத் துப்பாக்கிய நேராப் புடிச்சாரு. நான் பயத்துல பேச ஆரம்பிச்சுட்டேன். எனக்கு ஒரு ஆளு வேணும் சார், நல்லா செய்யறாரு சார், ஆனா கோடு மட்டும் இன்னும் ஆழமா இருக்கலாம்னு சொன்னேன் போலிருக்கு. கடைசில எங்கப்பாவைக் கொல்லையிலேர்ந்து கூப்பிட்டு வந்து, அவரு சேத்துக் காலோட நின்னு, இது எம் பொண்ணுதாங்க, இதுக்குக் கள்ள நோட்டு அடிக்கற அளவுக்கு தைரியம் கெடையாதுங்கன்னு சொன்னப்புறம்தான் வுட்டாங்க.

மோர் எடுத்துக்கிட்டீங்க. நல்லது.

உங்க புள்ளைக்கு வர்றேன். கண்டக்டருங்க நோட்டை எப்படி வெச்சிருப்பாங்க? நீட்டுவாக்குல மடிச்சு வெரலுக்கு நடுவுல. நம்ம ஊரு அஞ்சு ரூபா நோட்டு பூரா டிராக்டர்காரரு முகத்து மேலயே மடிப்பு வுழுந்து, முகமே அழிஞ்சு போயிருக்கும். முகம் அழியாத ஒரு நோட்டு கெடைக்காதான்னு நான் தவிச்சுட்டு இருக்கேன், என் கண்ணு முன்னாடி இவரு ஒரு புது நோட்டை வாங்கி சரக்குனு மடிக்கறாரு. நான் கத்திட்டேன். ஐயோ, அவரு மூஞ்சி மேல மடிக்காதீங்கன்னு. பஸ்ஸே திரும்பிப் பாத்துது. வருஷக்கணக்கா அதே பஸ்ல போறேன், கீழ்பென்னாத்தூர் ஒண்ணு குடுங்கன்றதைத் தவிர நான் பேசின மொத வார்த்தை அதாங்க.

அவரு கோச்சுக்கலை. யாரு மூஞ்சின்னு கேட்டாரு. காட்டினேன். மறுநாள்லேர்ந்து அஞ்சு ரூபா நோட்டை மட்டும் மடிக்காம சட்டைப் பையில வெச்சாரு. நல்லதா ஒண்ணு வந்தா எனக்குக் குடுப்பாரு, நான் பழசு ஒண்ணு குடுப்பேன். இதான் குடுக்கல் வாங்கல். பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்? தெனமும் ஒரு பொண்ணு எதையோ மடிச்சுக் குடுக்குது, அவரும் எதையோ குடுக்கறாரு, அது ஜன்னலோரம் ஒக்காந்து கண்ணுல ஒத்திக்குது. லென்ஸுல பாக்கறது தள்ளி நின்னு பாத்தா அப்படித்தான் தெரியுமாம்.

அதோட ஒரு பேச்சு வேற. டிக்கெட் குடுக்கறப்ப அவரு, கண்டுபுடிச்சீங்களான்னுவாரு. செதுக்கினவரைத்தான் கேக்கறாரு. நான், இன்னும் இல்லைங்கம்பேன். தெனமும் இதே. ஒரு நாள் பக்கத்து சீட்டு டீச்சரு என் கையப் புடிச்சு, பே கோபுரத் தெருவுல ஒரு போர்ஷன் காலியா இருக்கும்மா, தண்ணி வசதி இருக்கு, ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும்னாங்க. வீடு தேடறோம்னு நெனச்சிருக்காங்க!

நான் என்ன பதில் சொன்னேனா? வாடகை எவ்ளோன்னு கேட்டேன். வேற என்னம்மா சொல்றது, அந்த நேரத்துல வாய்ல அதுதான் வந்துச்சு.

சரி, தகரம். போன மாசம் ஒரு திங்கக்கெழம காலையில ஏறறேன், நான் எப்பவும் ஒக்கார்ற எடத்துக்கு நேர் எதிர்க்க, முன் சீட்டு முதுகுல இருக்குமே தகரம், அதுல என்னமோ கீறியிருக்கு. உள்ளங்கை அளவு. ஒரு ஒடம்பு, பெருசா ஒண்ணு சின்னதா ஒண்ணு வட்டம், மேல ரெண்டு நீட்டிக்கிட்டு நிக்குது, முதுகுல ஒரு கட்டி. பக்கத்துல இருந்தவரு ஆடுன்னாரு. பின்னால இருந்தவரு, ஆட்டுக்கு ஏதுங்க இவ்ளோ பெரிய வயிறு, பூசணிக்காய் வண்டின்னாரு. டிரைவரு அப்பாதுரை அண்ணன் வண்டிய நிறுத்திட்டே வந்து பாத்து, மூஞ்சூறுன்னுட்டுப் போனாரு. அப்பதான் ஒரு அம்மா, பௌர்ணமிக்கு கிரிவலம் போறவங்க, நல்லா உத்துப் பாத்துட்டு, அடப்பாவிங்களா, நந்திடா இதுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

அவ்ளோதான். நீட்டிக்கிட்டு இருக்கறது கொம்பு. கட்டி திமிலு. அதுக்கு மேல ஒரு ஆளு மாதிரி ஒரு கோடு, அது சிவபெருமானாம். அந்தம்மா பையிலேர்ந்து விபூதிய எடுத்துப் பூசிட்டாங்க. மறுநாள் குங்குமம். அதுக்கும் மறுநாள் செவ்வரளி மாலை. என் சீட்டுல எனக்கே எடம் கெடையாது, நின்னுக்கிட்டுப் போறேன். எறங்க வேண்டியவங்க எறங்காம ஒரு சுத்து சுத்திட்டுப் போறாங்க. பஸ்ஸுக்குள்ள பிரதட்சணம்! பிரதோஷத்தன்னிக்கு மூக்குப்பொடி டப்பாவுல பால் எடுத்துட்டு வந்த ஒருத்தரு, பிரேக் போட்டதுல எனக்கு அபிஷேகம் பண்ணிட்டாரு. ஓனரு மொதல்ல சும்மாத்தான் இருந்தாரு, கூட்டம் வருதேன்னு. போன பௌர்ணமிக்குத்தான் யாரோ கற்பூரம் கொளுத்தி, அது உருண்டு, புது ரெக்சின் சீட்டு பொசுங்கிப் போச்சு. பஸ்ஸே பத்திக்கிட்டிருக்கும். உங்க புள்ளைதான் தண்ணி கேனைக் கவுத்தாரு. கை சுட்டுக்கிட்டது அப்பதான். உங்ககிட்ட சைலன்சர் சுட்டுதுன்னாரா? ம். ஒரு வகையில சைலன்சர்தாங்க.

ஏன்னா அது நந்தி இல்லம்மா. டிராக்டரு.

பெரிய வட்டம் பின் சக்கரம், சின்னது முன் சக்கரம். கொம்புன்னாங்களே, ஒண்ணு பொகை போற சைலன்சரு, இன்னொண்ணு கை தவறி வுழுந்த கோடு. திமிலுன்னது ஸ்டியரிங். சிவபெருமான் மல்லாட்டைக் கொல்லை ஓட்டறவரு. வெளிய சொல்லிடாதீங்க. அந்த மூதாட்டிங்க எல்லாம் தெனமும் ஒரு டிராக்டருக்கு வேண்டுதல் வெச்சுட்டுப் போறாங்க. அதுல ஒருத்தங்க மருமக முழுகாம வேற இருக்காங்களாம்.

மொத நாளே எனக்குத் தெரியும். எல்லாரும் எறங்கினப்புறம் லென்ஸை எடுத்துப் பாத்தேன். கோடு ஆணியால கீறினது, நடுங்கி நடுங்கி. அச்சு அசலா இந்த அஞ்சு ரூபா நோட்டு. ஆனா நோட்டுல டிராக்டரு எந்தப் பக்கம் போகுதோ, தகரத்துல அதுக்கு எதிர்ப் பக்கம் போகுது.

புரியுதா? சும்மா நோட்டைப் பாத்து வரையறவன் அப்படியே வரைவான். செதுக்கறவரு இடம் வலம் மாத்தித்தான் செதுக்கணும்ன்ற சங்கதி இந்தத் திருவண்ணாமலை ஜில்லாவுல எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அதை ஒரே ஒருத்தருகிட்டதான் சொல்லியிருக்கேன். வண்டி பஞ்சரான அன்னிக்கு, புளியமரத்தடியில.

ஆமாம்மா. உங்க புள்ளைதான்.

அழாதீங்க. தோ, துண்டு. அது டப்பா தொடச்ச துண்டு, இந்தப் பக்கம் தொடச்சுக்கங்க. எதுக்கு என் சீட்டுக்கு எதிர்க்க செஞ்சாருன்னு என்னைக் கேக்காதீங்க. நானும் அவரைக் கேக்கலை. அன்னிக்கு சாயங்காலம் டிக்கெட் குடுக்கறப்ப எப்பவும் போல, கண்டுபுடிச்சீங்களான்னாரு. கண்டுபுடிச்சுட்டேன்னேன். அவ்ளோதான் பேசினோம். அதுக்கே டிரைவர் அண்ணன் பாட்டு சவுண்டை ஜாஸ்தி பண்ணிட்டாரு.

வருஷக்கணக்கா தேடினதுல நான் கண்டுபுடிச்ச ஒரே ஆளு அவருதாங்க. அழகா வரலைதான். நந்தியாவே வந்துடுச்சு. ஆனா கோட்டுல ஒரு பொறுமை இருக்கு. டிராக்டர்காரருக்கு முகத்தை மட்டும் திரும்பத் திரும்ப மூணு தரம் கீறியிருக்காரு. மடிப்பு வுழாத முகம்.

நாளைக்கு ஓனரு முன்னாடி நான்தான்னு ஒத்துக்கப் போறேன்னு சொல்லிட்டு இருக்காரா? அவரு அப்படித்தான் சொல்லுவாரு. பொய் சொல்ல வராது, சில்லறை இல்லைன்னுகூட பொய் சொல்லாத கண்டக்டரு. வேணாம்னு சொல்லுங்க. வாயைத் தொறக்கவே வேணாம். காலையில மொத நடைக்கு யூனிபார்ம் போட்டுக்கிட்டு நேரா வண்டிக்குப் போனாப் போதும், ஓனரே வரச் சொல்லிட்டாரு. யாரு சொன்னாங்களா? ஓனருதான். அந்த ஜீப்புல வந்துட்டுப் போனாரே, அவருதாங்க கோதண்டராமன். வீடு இதுதானான்னு பாத்தாரு, எங்கப்பா பேரைக் கேட்டாரு, படிச்ச பொண்ணு பண்ற வேலையாம்மா இதுன்னாரு. இனிமே என் வண்டி எதுலயும் ஏறாதன்னாரு. சீட்டுக்கு ரெக்சின் நான் வாங்கித் தர்றதாச் சொல்லிட்டேன். வேலைக்கு சைக்கிள்ல போய்க்குவேன், தொலைவுதான், பரவால்ல.

ஓனரு எப்படி நம்பினாருன்னா, பேரு வெட்டியிருக்கற பொருளுக்கு அப்புறம் சாட்சி எதுக்குன்னுட்டாரு. இன்னிக்குக் காலையில பஸ் ஷெட்டுல இருசப்பன் அண்ணன் வண்டி கழுவிட்டு இருந்தாரு. கர்சீப்பை வுட்டுட்டேன் அண்ணான்னு ஏறினேன். பழைய காம்பஸ் கையில. டிராக்டரு சக்கரத்துக்குக் கீழ கொஞ்சம் எடம் இருந்துச்சு. வெறும் ரேணுகாம்பாள்னு போட்டா, அந்தப் பேருல இருக்கற படவேட்டம்மனே வந்து கையெழுத்து போட்டுட்டாங்கன்னு மறுபடியும் கற்பூரத்தோட வந்துடுவாங்க. அதான், எம். ரேணுகாம்பாள், பி.எஸ்ஸி.ன்னு டிகிரியோட வெட்டிட்டேன், அத்தை.